நட்சத்திரம் இட்ட சொல்

சாகேத், தனியார் மருத்துவமனை, மூன்றாம் தளம்.
ருஷ்ய மொழிபெயர்ப்பாளர் என்கிறது
கழுத்தில் தொங்கும் அட்டை.
சங்கரன்கோவில் என்று அதில் போடவில்லை.

குல்பாரா ஓஷ் நகரத்துக்காரி.
பஞ்சு அரைவை இயந்திரம் அவள் வலக்கையை
முழங்கைக்குக் கீழே எடுத்துக்கொண்டு
பதினான்கு மாதம்.
"ரூகா பலீத்" என்கிறாள்.
கை வலிக்கிறது.

"ஹேண்டா, ஆர்மா?"
டாக்டர் பத்வால் பேனாவைத் தூக்கிப் பிடித்திருக்கிறார்.
ருஷ்யனுக்கு அந்தப் பாகப்பிரிவினை கிடையாது டாக்டர்,
தோளில் தொடங்கி நகம்வரை ஒரே சொல்.
எங்களுக்கும் அப்படித்தான்.
சட்டைக்குள் நுழைவதும் கை,
சோறு பிசைவதும் கை.
இதையெல்லாம் நான் சொல்லவில்லை.
"இல்லாத இடத்தில் வலி" என்றேன்.
எழுதிக்கொண்டார்.

இரவு மஞ்சள் தட மெட்ரோவில்
நின்றபடி யோசித்தேன்.
ஒரு காலத்தில் இதற்காகத்தான் படித்தேன்.
லித்துவேனியனில் ரன்கா.
போலிஷில் ரென்கா.
ருஷ்யன் அந்த மூக்கொலியை வழியில் எங்கோ
தொலைத்துவிட்டான்,
டில்லி டிசம்பரில் எனக்கு நடப்பதுபோல.
பழைய பிரஷ்யனில் ரன்கோ.
அதைப் பேசியவர்கள் ஒருவர் மிச்சமில்லாமல் போய்
முந்நூறு வருடமாகிறது.
யாரோ ஜெர்மன்காரன் படியெடுத்த
சொற்பட்டியலில்
கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது.

எல்லாவற்றையும் கூட்டிப் பின்னோக்கி நடந்தால்
எவர் காதும் கேட்டிராத, எந்த ஓலையும் ஏந்தியிராத
ஒரு சொல்:
* ரங்கா.
கடைசி உயிரில் தொண்டை லேசாக அடைபடும்.
வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டேன் போல.
திருமண் இட்ட ஒருவர்
கம்பியை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

முன்னால் இருக்கும் அந்த நட்சத்திரத்துக்கு
அர்த்தம் இதுதான்:
இது கிடைக்கவில்லை,
இருந்திருக்க வேண்டும்.

இன்னும் அடியில் போனால் ஒரு வினை.
லித்துவேனியன் இன்றும் ரின்க்தி என்கிறான்:
சேர்த்தெடு, பொறுக்கு.
ஆக, கை என்றால் பொறுக்குவது,
பொறுக்கி.
எங்கள் ஊரில் அதைச் சொன்னால் அடி விழும்.

மறுநாள் காலை அவளிடம் சொன்னேன்.
சிரித்தாள். பள்ளி விட்டு இலையுதிர் காலம் முழுக்கப்
பருத்திக் காட்டில் நின்றவளாம்,
காய் ஓட்டின் முனை கீறும்,
ஒரு நாளைக்கு நாற்பது கிலோ.
"ருஷ்யர்கள் எப்படியாவது சொல்லிக்கொள்ளட்டும்.
எங்கள் மொழியில் கொல்."

கொல்.
என் காதில் அது வேறு வேலை.
பக்கத்திலேயே கொள் வேறு நிற்கிறது,
எடுத்துக்கொள், வைத்துக்கொள்.
ஒலி ஒத்தால் உறவென்று நம்பாதே:
முதல் வகுப்பிலேயே போர்டில் எழுதிப்போட்டார்கள்.
நம்பவில்லை.
ஆனாலும் ஒரு நிமிடம் பேச முடியவில்லை.

நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளும் சொல்
அவளுடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை.
ரூகா. கைமாற்று வாங்கினது.

இன்று சிகிச்சைக்குக் கண்ணாடி கொண்டுவந்தார்கள்.
இடக்கையை முன்னால் வைத்தாள்,
கண்ணாடியில் வலக்கை முளைத்தது,
மோதிரம் உட்பட.
மேசையில் பஞ்சு உருண்டைகள்.
"எடுக்கச் சொல்லுங்கள்" என்றார் டாக்டர்.
எந்தக் கையால் என்று அவர் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

எடுத்தாள். ஒன்று, இன்னொன்று.
கண்ணாடிக்குள் இருந்தவள்
கொஞ்சம் முந்தி எடுப்பதுபோல எனக்குப் பட்டது.
"வலி?"
"பொறுத்துக்கலாம்" என்று நான் மொழிபெயர்த்தேன்,
தமிழில், தவறிப்போய்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.
குல்பாரா அடுத்த பஞ்சுக்குக்
கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.